வீட்டுக்கு ஒரு பொட்டு

கள்ளிவலசை என்ற ஊரில் ஒரு சூரியத் தகடு இருந்தது. மோட்டார் அறையின் கூரைமேல் சாய்ந்து படுத்து, நாளெல்லாம் வெயிலைக் குடித்து, கீழே இருந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பது அதன் வேலை. மோட்டார் ஓடினால்தான் எழுபது வீட்டுக்கும் குடிதண்ணீர்.

"நான் இல்லாவிட்டால் இந்த ஊர் நாக்கு வறண்டு போகும்" என்று தகடு அடிக்கடி சொல்லிக்கொள்ளும்.

ஆயுத பூஜை வந்தது. ஊருக்கே தண்ணீர் தரும் தகட்டைப் பொட்டில்லாமல் விடலாமா? ஒரு வீட்டார் வைத்து இன்னொரு வீட்டார் வைக்காவிட்டால் மனத்தாங்கல் வரும் என்பதால், வீட்டுக்கு ஒரு பொட்டு என்று முடிவானது. எல்லாம் கெட்டிச் சந்தனம், உள்ளங்கை அகலம். போதாததற்கு ஒரு சம்பங்கி மாலை.

தகட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, மின்சாரம் சரியா வரலையே, எனக்கு மூச்சு வாங்குது" என்று மோட்டார் முனகியது.

"பூஜை முடிஞ்ச கையோட வேலையா? மரியாதை தெரியாதவனே!"

குழாயில் தொங்கிய கந்தைத் துணி, "தம்பி, நான் வேணும்னா ஒரு தடவை துடைச்சு விடட்டுமா?" என்று கேட்டது.

"நீயா? சந்தனம் பூசின உடம்பை அழுக்குத் துணி தொடுறதாவது!"

தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. வெயிலில் கிடந்து தகடு சோர்ந்துவிட்டது என்று ஊரார் இரக்கப்பட்டு, அதன்மேல் ஓலைப் பந்தல் போட்டார்கள். மோட்டார் நின்றே போயிற்று. இது தப்பு என்று தகட்டுக்கு உள்ளூரத் தெரியும். ஆனால் நிழல் சுகமாக இருந்ததே! நாமாக இருந்தால் இன்னொரு மாலைக்கும் கழுத்தை நீட்டியிருப்போம்.

நாலாம் நாள் காலிக் குடங்கள் வரிசையில் நின்றன. ஊர்த் தலைவர் ஆவுடையப்பன் வந்து பார்த்தார்.

"இது தேறாது. காயலான் கடைக்குப் போட்டுட்டு டீசல் இன்ஜின் வாங்கிருவோம்."

"ஐயோ, என்னைத் துடைங்கப்பா!" என்று தகடு கத்தியது. மனிதர் காதில் அது எங்கே விழப்போகிறது?

தண்ணீர் திறந்துவிடும் செங்கமலம் கூரையேறிப் பந்தலைப் பிரித்தாள், மாலையை எடுத்தாள். தகட்டைக் கழற்றப் போனவள் தயங்கினாள்.

"ஏங்க, சாமிச் சந்தனத்தோடவா காயலான் கடைக்கு அனுப்புறது? பாவமில்லையா?"

"அதுவும் சரிதான். துடைச்சிட்டு எடு."

குடத்தில் ஒட்டியிருந்த கொஞ்சம் தண்ணீரில் கந்தைத் துணியை நனைத்துத் தேய்த்தாள். கடைசிப் பொட்டு போவதற்குள் கீழே மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் பீறிட்டது. ஊரே கைதட்டியது. தகட்டை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆவுடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீங்களா, சாமி கண்ணைத் திறந்துருச்சு! எங்கே அந்தச் சந்தனக் கிண்ணம்? இந்தத் தடவை வீட்டுக்கு ரெண்டு பொட்டு!"

தகடு அவசர அவசரமாகத் துணியைப் பார்த்துச் சொன்னது: "அக்கா, நீங்க மட்டும் எங்கயும் போயிடாதீங்க."