எந்த பாஸ்?

"வீட்டுல கம்ப்யூட்டர்ல ஆயிரத்து நானூறு மணி நேரம் பறந்திருக்கேன் மேடம். வானத்துக்குப் போனா மட்டும் ஏன் விளங்க மாட்டேங்குது?"

கேட்டவர் பூவலிங்கம். வயது நாற்பத்து மூன்று. மின்வாரிய வேலையை உதறிவிட்டு விமானம் ஓட்டப் படிக்க வந்தவர். ஊரே தலையில் அடித்துக்கொண்டது. அவருக்குக் கற்றுக்கொடுக்கும் ஹில்டாவுக்கு இருபத்தேழு வயதுதான்.

தனியாகப் பறக்க அனுமதி தரும் சோதனையில் மனுஷன் இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்கள். மூன்றாவது, நாளைக் காலை ஏழு மணிக்கு.

ஹில்டா திருப்பிக் கேட்டாள்.

"கீபோர்டை எங்க வெச்சு ஓட்டுவீங்க சார்?"

"மடியில."

"நான் வந்து பாக்கலாமா?"

மத்தியானமே வந்துவிட்டாள். கூடத்தில் மூன்று திரை, விமானத்தில் இருப்பது மாதிரியே ஸ்டியரிங், காலுக்குப் பெடல். பூவலிங்கத்தின் மனைவி கொடுத்த மோரைக் குடித்தபடி பின்னால் நின்றாள்.

அவர் இரண்டு மலைக்கு நடுவே, பேய்க்காற்றில், விமானத்தைப் பூப்போல இறக்கிக் காட்டினார். பொம்மை விளையாட்டுத்தானே என்று இளக்காரம் பேச வேண்டாம். பிரமாதமாகத்தான் ஓட்டினார்.

"இஞ்சின் நின்னுபோனா?"

"அதையும் பாருங்க."

திரையில் இஞ்சின் நின்றது. அவர் வலது கை மடிக்கு வந்து, இரண்டு விரலால் பி எழுத்தைத் தட்டியது. வானம், மலை, விமானம் எல்லாம் அப்படியே நின்றன.

"இதுக்குப் பேரு பாஸ் மேடம். நிறுத்தி வெச்சு, நிதானமா யோசிச்சுட்டு, அப்புறம் விடுவேன்."

"ரெண்டு சோதனையிலயும் நான் இஞ்சினைக் குறைச்சேன். உங்க கை எங்க போச்சு, தெரியுமா?"

"எங்க?"

"உங்க முழங்காலுக்கு. ரெண்டு விரலால தட்டிக்கிட்டே இருந்தீங்க."

பூவலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. ஐயோ, இந்த எழவெடுத்த விரலா தன்னைக் கவிழ்த்தது!

"எப்படியாவது நாளைக்கு பாஸ் ஆகணும் மேடம்."

"எந்த பாஸ்?"

ஹில்டா குனிந்து, நகத்தால் பி எழுத்தை நெம்பிப் பிடுங்கினாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பூவலிங்கம் உட்கார்ந்து இஞ்சினை நிறுத்தினார். கை ஓடிவந்து பி இருந்த பள்ளத்தைத் தடவியது. விமானம் விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. பொழுது சாய்வதற்குள் நாற்பது தடவை செத்தார். நாற்பத்தோராவது தடவை கை இடம்விட்டு அசையவில்லை. விமானத்தை ஒரு வயலில் இறக்கிவிட்டார்.

"போதுங்க, சாப்பிட வாங்க" என்றாள் மனைவி. பல நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் மனுஷன் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை. எண்ணூறு அடி உயரம். பக்கத்துச் சீட்டில் ஹில்டா.

"இஞ்சின் போச்சு சார்" என்று சொல்லி விசையைக் குறைத்தாள்.

கை முழங்காலுக்குப் போகவில்லை. அவரே அதைக் கவனித்தார். அப்பாடா என்று சந்தோஷப்பட்டார். அதற்குள் விமானத்தின் மூக்கு சரிந்து, கீழே தரை சுற்ற ஆரம்பித்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மேடம்!"

ஹில்டாதான் விமானத்தை இறக்கினாள்.

இறங்கியதும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்ன எழுதினாள் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்துபோயிற்று. இனி இந்த ஜென்மத்தில் அவர் தனியாகப் பறக்கப் போவதில்லை. பெரிய மனுஷன் ஓடுபாதை ஓரத்தில் நின்று விக்கி விக்கி அழுதார்.

"முழங்காலுக்குப் போகலையே மேடம்! நீங்களே பாத்தீங்களே!"

"பாத்தேன் சார்."

"ஒரு தடவைகூடத் தட்டலையே!"

"தட்டலை."

"அப்புறம் எங்கதான் போச்சு இந்தப் பாழாப்போன கை?"

ஹில்டா தன் இடது தோளைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் வியர்வையோடு பதிந்து, துணி கசங்கிக் கிடந்தது.