ஆள் வருது

அந்தக் காட்டாற்றுக்குப் பூவாத்தா என்ற எருமைதான் பஸ். காலையில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வருவாள். மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் திரும்பிப் போவாள். நீந்தத் தெரியாத பிராணிகள் எல்லாம் அவள் முதுகில் ஏறிக்கொள்ளும். கொம்பில் உட்கார்ந்திருக்கும் மைனாதான் கண்டக்டர்.

பூவாத்தாவுக்குத் தன் முதுகைப் பார்க்க முடியாது. இடம் நிறைந்ததும் மைனா விசில் அடிக்கும், அவள் தண்ணீரில் இறங்குவாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. குரங்குதான் கெடுத்தது. ஒருநாள் பூவாத்தா கரையில் வந்து நிற்பதற்குள், கிளையில் தொங்கியபடியே அவள் ஈர முதுகில் ஒரு தேக்கிலையைப் போட்டது. அது தன் இடம் என்று சொல்லிவிட்டுப் பழம் தின்னப் போய்விட்டது.

நரி பார்த்தது. அடடே, இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று அதுவும் ஒரு தேக்கிலை போட்டது. முயலும் போட்டது. இறகு போடலாமா என்று மயில் கொஞ்சம் யோசித்தது. இறகு வீணாகிவிடுமே என்று கடைசியில் அதுவும் இலையே போட்டது.

அப்புறம் தினமும் இதே கதைதான்.

ஒருநாள் மலைப்பக்கம் மேகம் கருத்தது. ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. இன்றைக்கு இந்த ஒரு நடைதான், வெள்ளம் வடியும்வரை இனிமேல் கிடையாது என்று பூவாத்தா சொல்லிவிட்டாள்.

இரை தேட இக்கரைக்கு வந்திருந்த தாய் அணில் அதைக் கேட்டது. அக்கரையில், ஆற்றோரத்து நாவல் மரத்தின் அடிப்பொந்தில் அதன் குட்டிகள் கிடந்தன. இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. வெள்ளம் ஏறினால் முதலில் முழுகுவது அந்தப் பொந்துதான்.

அணில் ஓடிவந்து பூவாத்தாவின் முதுகில் ஏறியது. முதுகு முழுக்க ஏற்கெனவே இலைகள். ஓர் இலையின்மேல் உட்காரப் போனது.

"அங்க உக்காராதே, ஆள் வருது" என்றது மரத்திலிருந்த குரங்கு.

"யாருண்ணே?"

"என் மச்சான்."

கொஞ்சம் தள்ளிப் போனது. அது மச்சான் சம்சாரத்துக்காம். இன்னும் தள்ளிப் போனது. அங்கே நரிக்கு ஆள் வருதாம், அதற்கப்பால் மயிலுக்கு. எல்லோருக்கும் ஆள் வருது, வந்த ஆளுக்குத்தான் இடமில்லை. அணில் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் பூவாத்தாவின் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஈ கடித்தது. பூவாத்தா முதுகைச் சிலிர்த்தாள். இலைகள் எல்லாம் இடம் மாறி ஒன்றோடொன்று கலந்துபோயின.

ஏறலாம் என்று வந்த நரிக்கு எது தன் இலை என்று புரியவில்லை. நுனி கிழிந்தது தன்னுடையது என்றது முயல். எல்லாமே நுனி கிழிந்துதான் இருந்தன. குரங்குக்கு, தான் போட்டது எத்தனை இலை என்பதே மறந்துபோயிருந்தது. மயில் ஏறக் காலைத் தூக்கியதும் நரி அதன் தோகையைப் பிடித்து இழுத்தது.

"யார் இலை எதுன்னு தெரியாம ஒருத்தரும் ஏறக்கூடாது!"

அதுதான் நியாயம் என்று எல்லோரும் தரையில் நின்றே சண்டையைத் தொடர்ந்தார்கள்.

தண்ணீர் பூவாத்தாவின் முட்டிக்கு வந்துவிட்டது. மைனா முதுகைத் திரும்பிப் பார்த்தது. எங்கும் இலை. ஆனால் ஒருவரையும் காணோம். இலை கிடந்தால் ஆள் இருக்கிற மாதிரிதான் என்று இத்தனை நாளாகச் சொல்லியிருக்கிறார்களே! குழம்பிக் குழம்பி, நிறைந்துவிட்டது என்றே முடிவுகட்டி விசில் அடித்தது. பூவாத்தா இறங்கிவிட்டாள்.

நடு ஆற்றில் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னடி மைனா, கூட்டம்னு சொன்னே, கனமே இல்லையே?"

"கூட்டம் இருக்குதுக்கா. ஆளைத்தான் காணோம்."

அப்போதுதான் கரையில் கூச்சல் கேட்டது. தன் இடம் போகிறது, வண்டியைத் திருப்பு என்று குரங்கு கத்தியது. பூவாத்தா தயங்கி நின்றாள். எத்தனை பேரை விட்டுவிட்டு வந்தோமோ, திரும்பலாமா?

வாலிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "திரும்பிடாதீங்கக்கா. என் குட்டிங்க பொந்துல இருக்குதுங்க."

"நீ எங்கேம்மா உக்காந்திருக்கே?"

"உக்காரலைக்கா. தொங்குறேன். மேல எடமில்லை."

பூவாத்தா வாலை வளைத்து அணிலை முதுகில் விட்டாள். தலையைத் தாழ்த்தி வேகமாக நீந்தினாள்.

அக்கரையில் இறங்கிய அணில் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி உச்சிக்கிளைக்குக் கொண்டுபோனது. கடைசிக் குட்டியைத் தூக்கும்போது பொந்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

மைனா எதிர்க்கரையைப் பார்த்துக் குரல் கொடுத்தது. "குரங்கண்ணே, உங்க மச்சானும் மச்சான் சம்சாரமும் பத்திரமா எறங்கிட்டாங்க. நீங்க ஏன் வரலைன்னு கேக்குறாங்க."

வெள்ளம் வடிய வெகுநாள் ஆயிற்று. மறுபடி பூவாத்தா இக்கரைக்கு வந்தபோது, குட்டிகளோடு அணிலும் வந்திறங்கியது. கிளையில் குரங்கு, கையில் தேக்கிலையோடு இருந்தது.

"யாருக்குண்ணே இலை?" என்று மைனா கேட்டது.

குரங்கு சட்டென்று இலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டது. வெயிலுக்கு என்றது.

எல்லோருக்கும் பொதுவான வண்டியில் இடம் என்பது முன்கூட்டி எதையாவது போட்டு வைத்தவருக்கு இல்லை, வந்து ஏறியவருக்கும் அவசரத் தேவை உள்ளவருக்கும்தான்.