மண்ணுக்கு அடியிலிருந்து கேட்ட தட்டு

பிராணிகள் எல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் பல்லிதான் பெரிய வாயாடி. ஒரு வீட்டுச் சமாசாரத்தை அடுத்த வீட்டில் பற்றவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் உத்தரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பேச்சை யார் நம்புவார்கள்?

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அங்கம்மாளும் அவள் தங்கை மயிலாத்தாளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த ஊரில் யார் கதவைத் தட்டினாலும் மூன்றாவது தட்டுக்குத்தான் பதில் கொடுப்பார்கள். பேய் இரண்டு தரம்தான் தட்டுமாம். அவசரப்பட்டுப் பதில் கொடுத்தவரைக் கையோடு கூட்டிப் போய்விடுமாம்.

ஒருநாள் பட்டப்பகலில் பூமி குலுங்கியது. நாலு மூச்சு விடுவதற்குள் ஊரே மண்மேடாகிவிட்டது. தண்ணீருக்குப் போயிருந்த அங்கம்மாள் ஓடிவந்து பார்த்தாள். எது யார் வீடு என்றே தெரியவில்லை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. தப்பிப் பிழைத்தவர்களுக்கு அழுகையும் வரவில்லை. தங்கை எங்கே கிடக்கிறாளோ என்று அவள் மேட்டுக்கு மேடு ஓடித் தேடினாள்.

கல்லின்மேல் வயிற்றை அழுத்திப் படுத்திருந்த பல்லி சொன்னது: "அடியில் உன் தங்கை தட்டுகிறாள். நீயும் தட்டு. ஆள் இருப்பது தெரிந்தால்தான் மறுபடி தட்டுவாள். அதை வைத்து இடத்தைக் காட்டிவிடுகிறேன்."

அங்கம்மாள் மண்ணில் காதை வைத்தாள். டொக். அவளுக்கே கேட்டது.

கையை ஓங்கியவளைப் பக்கத்து வீட்டுச் சடையப்பன் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தாயி. செத்தது கூப்பிட்டாலும் இப்படித்தான் கேக்கும். மூணாவது வரட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். முன்னைவிட மெதுவாக.

"இப்போதாவது தட்டேன்," என்று பல்லி கெஞ்சியது.

அங்கம்மாளுக்குப் பயமாக இருந்தது. தங்கைமேல் உயிரையே வைத்திருந்தவள்தான், ஆனாலும் பயமாக இருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெயில் சாய்ந்தது. மூன்றாவது தட்டு வரவே இல்லை.

நாலாம் நாள் தோண்டியபோது, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, ஒரு முழ ஆழத்தில் மயிலாத்தாள் கிடந்தாள். கையில் உலக்கை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"மேலேயிருந்து ஒரே ஒரு தட்டு கேட்காதா என்று காத்திருந்தாள்," என்றது பல்லி. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு சுவரில் கிடந்து நாக்கைத் தட்டியதே தவிர, வார்த்தை வரவில்லை. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அங்கம்மாள் போட்டது போட்டபடி கிடக்கத் தரையில் தட்டுவாள். "இருக்கேன்டி மயிலா, இங்கதான் இருக்கேன்."

அன்று முதல்தான், பல்லி சொன்னதும் நம் ஜனங்கள் விரலை மடக்கித் தரையில் தட்டுகிறார்கள்.