தாண்டிப் போன படகு

தூத்துக்குடிக்குத் தெற்கே சவேரியார்பாடு என்ற கடற்கரை ஊரில் மதலேன் பாய்ப்பலகை ஓட்டச் சொல்லிக்கொடுத்து வந்தாள். ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு மிதக்கும் பலகை. அதன் நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் பாய். பாயைக் கையில் பிடித்துக்கொண்டு பலகைமேல் நின்றால் காற்று கொண்டுபோகும்.

அவளுக்கு முப்பத்துநான்கு வயது. ஆனி மாதத்தில் அவளிடம் படிக்க வந்த தெய்வநாயகத்துக்கு ஐம்பத்தொன்று. கோவில்பட்டியில் இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர்.

"இந்த வயசுல இதைப் படிக்கணும்னு ஏன் தோணுச்சு அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள்.

"இவ்வளவு காலமும் இடது பக்க சீட்டுலயே உக்காந்திருந்தேன் டீச்சர். பக்கத்துல ஆள் இல்லாம ஒண்ணை ஓட்டிப் பாக்கணும்."

"நீச்சல் தெரியுமா?"

"கிணத்துல நல்லா நீந்துவேன்."

"சரி. கடல்ல நீந்த வேண்டாம்," என்றாள்.

முதல் நாள் அவள் பாயைத் தரவில்லை. வெறும் பலகையை மார்பளவு தண்ணீரில் போட்டு, ஏறி நிற்கச் சொன்னாள். நின்றார். விழுந்தார். தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கி முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

"விழுந்ததும் என்ன செஞ்சீங்க?"

"முகத்தைத் துடைச்சேன். உப்பு கண்ணுல எரியுது."

"எரியட்டும். மொதல்ல போர்டைத் தொடுங்க. அப்புறம் துடைக்கலாம்."

அன்று அவரை நாற்பது தடவை விழ வைத்தாள். எப்போது விழ வேண்டும் என்பதை அவளே தீர்மானித்தாள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது பலகையைக் காலால் தள்ளிவிட்டாள். மத்தியானத்துக்குள் அவருடைய கை கண்ணைத் தேடிப் போவதை விட்டுவிட்டுப் பலகையைத் தேடிப் போகப் பழகியது.

அடுத்த இரண்டு நாளும் மணலில் உட்கார்ந்து பாய் கட்டினார். கம்பத்தைச் செருகி, கயிற்றை இழுத்து, முடிச்சுப் போட்டு நிமிர்ந்தால், அவள் வந்து முடிச்சை அவிழ்த்துவிட்டுப் போவாள். பிறகு கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தினாள். கம்பத்தைப் பலகையிலிருந்து கழற்றி, பாயைச் சுருட்டிக் கட்டி, பலகைமேல் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக் கரைக்கு வரச் சொன்னாள். கரைக்கு வந்ததும் திரும்பப் போகச் சொன்னாள்.

தெய்வநாயகத்துக்குச் சலிப்பு வந்தது.

"பாயை ஏத்தச் சொல்லிக்குடுப்பீங்கன்னு வந்தா, இறக்கவே சொல்லிக்குடுக்கீங்களே."

"ஏத்துறதைக் காத்து சொல்லிக்குடுக்கும்," என்றாள்.

ஐந்தாம் நாள் பாய் கிடைத்தது. காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் தூக்கும்போது கையால் இழுக்கக் கூடாது. உடம்பைப் பின்னால் சாய்த்து எடையால் தூக்க வேண்டும்.

"காலைப் பாக்காதீங்க. போற இடத்தைப் பாருங்க."

எத்தனையோ பேரிடம் அவரே சொன்ன வார்த்தை அது. தனக்குச் சொல்லி அன்றுதான் கேட்டார். பாய் விறைத்தது. பலகை நகர்ந்தது. நூறு அடி தூரம் ஒருவர் துணையும் இல்லாமல் போனார். வாய்விட்டுச் சிரித்தபடியே விழுந்தார். விழுந்த கையோடு பலகையைத் தொட்டார்.

அந்தக் கரை கிழக்கே பார்த்தது. கடலிலிருந்து காற்று வரும் நேரத்தில் மட்டுமே அவள் பாடம் நடத்தினாள். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைப் பற்றி ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் சொன்னாள்.

"மேல்காத்து தரையில இருந்து கடலுக்குப் போகும். கரையோரம் தண்ணி குளம் மாதிரி கிடக்கும், அலையே இருக்காது. பாக்குறவனுக்கு இறங்கணும்னு ஆசை வரும். அரை மைல் போனதுக்கப்புறம்தான் அது யாருன்னு தெரியும். நான் மூணு விசில் குடுத்தா, எங்க இருந்தாலும் திரும்பிருங்க."

"ஏதாச்சும் ஆயிட்டா?"

"ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுங்க. படகு எடுத்துட்டு வாரேன்."

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். தெய்வநாயகம் கரையிலிருந்து அரை மைல் தள்ளி, வடக்கும் தெற்குமாகப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் கம்பத்தைச் சுற்றி இரண்டு எட்டு வைத்துப் பாயைப் பக்கம் மாற்றுவது முந்தின நாள்தான் கைவந்திருந்தது. திடீரென்று பாய் தொய்ந்தது. கொஞ்ச நேரம் காற்றே இல்லை. பிறகு கரையிலிருந்து, பனைமரங்களின் பக்கமிருந்து அடித்தது.

மூன்று விசில் கேட்டது.

உடனே திரும்பினார். காற்றுக்கு நேரே போக முடியாது என்று சொல்லிக்கொடுத்தபடி சாய்வாக ஓட்டினார். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். கரையிலிருந்த கோயிலின் கோபுரம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. மூன்றாவது திருப்பத்தில் காலுக்கடியில் ஏதோ தெறித்தது. கம்பத்தையும் பலகையையும் இணைக்கும் ரப்பர் மூட்டு இரண்டாகக் கிழிந்து, பாய் அவரையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் சரிந்தது.

தலை வெளியே வந்தபோது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் நீண்டு பலகையின் வாலைப் பிடித்திருந்தது. துடைத்துப் பார்த்தார். பாய் ஒரு பக்கம் கிடந்தது. காற்று பலகையைக் கடல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. பிடித்திராவிட்டால் அந்நேரம் அது பத்தடி தாண்டிப் போயிருக்கும்.

பாயை எடுக்கலாமா என்று நினைத்தார். பலகைமேல் ஏறிக் குப்புறப் படுத்தார். பாயை விட்டுவிட்டார்.

கரை இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. கோயில் முன்னால் ஆட்கள் ஓடுவதும், மதலேனின் ஃபைபர் படகு தண்ணீரில் இறங்குவதும் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். படகு நேராக அவரை நோக்கி வந்தது. படகில் அவள் மட்டும்தான் இருந்தாள். முகம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டாள். என்ஜின் சத்தம் ஒரு நொடி தணிந்தது. அவள் அவரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள்.

"படுங்க அண்ணாச்சி! போர்டை விடாதீங்க!"

என்ஜின் மறுபடி உறுமியது. படகு அவரைத் தாண்டிக் கிழக்கே போனது.

தனக்குப் பின்னால் வந்து நிறுத்தப்போகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். திரும்பிப் பார்த்தார். படகு சின்னதாகிக்கொண்டே போனது. "டீச்சர்!" என்று கத்தினார். தொண்டை வற்றும் வரை கத்தினார். பிறகு கத்துவதால் மூச்சுதான் போகிறது என்று புரிந்தது.

படுத்தார். கையால் தண்ணீரைத் தள்ளினார். நேராகப் போனால் கோபுரம் அதே அளவில் நின்றது. வடக்கே சாய்த்துத் தள்ளினால் கடற்கரையின் சவுக்குத் தோப்பு மெல்ல நகர்ந்தது. அதையே பிடித்துக்கொண்டார். தோள் மரத்தது. பலகையின் விளிம்பில் உரசிக் கைச்சதை பிய்ந்தது. நீந்திவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது. கரை அவ்வளவு பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. இரண்டு தடவையும் பலகையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மனைவியின் பெயரைச் சொன்னார். மதலேனை வைதார்.

பொழுது சாயும் நேரத்தில் காற்று விழுந்தது. தோப்புக்கு அந்தப் பக்கம், ஊருக்கு ஒன்றரை மைல் வடக்கே, அவருடைய கால் மணலைத் தொட்டது.

கேட்க வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வெறுங்காலோடு நடந்தார். ஊர்க்கரையில் கூட்டமாக இருந்தது. ஆம்புலன்ஸ் நின்றது. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் போர்வைக்குள் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர்கள், மாமனும் மச்சானும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். காற்று அடங்கிய நேரத்தில் கோயிலுக்குத் தெற்கே அலையில்லாத தண்ணீரைப் பார்த்து, லாரி டியூப் ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள்; மேல்காற்று டியூபைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. விசில் சத்தம் அவர்களுக்கும் கேட்டிருக்கிறது. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள்.

கிடைத்தது ஒருவர்தான்.

மதலேன் படகில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தாள். தெய்வநாயகத்தைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்களைத் தேடி ரெண்டு வள்ளம் கிழக்க போயிருக்கு," என்றாள். குரல் கம்மியிருந்தது. "வடக்க வந்துட்டீங்களா."

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் படகைத் தள்ளிக்கொண்டு மறுபடி கடலுக்குள் போய்விட்டாள்.

காலையில் ஒரு வள்ளம் மற்றவரைக் கொண்டுவந்தது. பெயர் செல்லக்கனி. உடலைக் கரையில் கிடத்தியபோது, பிழைத்தவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்லா நீந்துவான். கரை இந்தா தெரியுது, நான் போயி ஆளைக் கூட்டிட்டு வாரேன்னு டியூபை விட்டான். நானும் விட்டுருப்பேன். கை சோர்ந்துபோச்சு. அந்த அக்கா வந்து முடியைப் பிடிச்சுத் தூக்குனாங்க."

போலீஸ் எழுதிக்கொண்டு போனது. ஆம்புலன்ஸ் போனது. செல்லக்கனியின் மனைவி மணலில் புரண்ட இடம் அப்படியே குழிந்து கிடந்தது. கூட்டம் கலைந்தது.

தெய்வநாயகம் தான் தங்கியிருந்த அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மதலேன் படகு நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தோப்புக்கு அந்தப் பக்கம் அவர் விட்டுவந்த பலகையை எடுத்துவந்து முன்னால் போட்டிருந்தாள். அதில் ஒட்டியிருந்த பாதி மூட்டைக் கத்தியால் அறுத்துப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்குள்ள வெடிச்சிருக்கு," என்று நிமிராமல் சொன்னாள். "வெளிய தெரியாது. போன மாசமே மாத்தியிருக்கணும். என் தப்பு."

"நான் அதைக் கேக்க வரல."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னைப் பாத்தீங்க."

"பாத்தேன்."

"ரெண்டு கையையும் ஆட்டினேன். ஆட்டுனா வருவேன்னு சொன்னது நீங்கதான்."

"ஆமா. சொன்னேன்."

"படகை நிப்பாட்டி என்னைத் தூக்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்குமா?"

"ஆகியிருக்கும்."

"இருபத்தாறு வருஷம் பிரேக்குல இருந்து காலை எடுக்காம சொல்லிக்குடுத்தவன் நான். ஒருத்தரையும் நடுவழியில விட்டதில்ல." பெட்டியை மறு கைக்கு மாற்றினார். "நான் பொழைப்பேன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது."

"செத்திருந்தா?"

"காலம் பூரா நான் சுமந்திருப்பேன்."

அலை வந்து போனது. மதலேனின் உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த காயம் சிவந்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"பின்ன எப்படி என்னைத் தாண்டிப் போனீங்க?"

அவள் கடலைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பன்னெண்டு நாள் குடுத்திருந்தேன் அண்ணாச்சி. அவங்களுக்குக் குடுக்க எங்கிட்ட அந்தப் படகு மட்டும்தான் இருந்துச்சு."