வலைக்குச் சொந்தக்காரன்

ஏரியில் பாதி மூழ்கி நின்ற கருவேல மரத்தில் ஒரு நைலான் வலை சிக்கிக் கிடந்தது. மீன் பிடிக்க வந்த ஒச்சப்பன் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். வலை மட்டும் வேலையை நிறுத்தவில்லை. மாட்டிய மீன் செத்தது. செத்த மீனைத் தின்ன வந்த மீனும் மாட்டியது.

நீர்க்காகத்துக்குக் கொண்டாட்டம். மரத்தின் உச்சிக்கிளையில் சிறகை விரித்துக் காயவைத்தபடி, இந்த வலை இனி என்னுடையது என்று ஏரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பசித்தால் ஒரு முங்கு, அவ்வளவுதான். வேட்டையையே மறந்துவிட்டது.

ஒருநாள் ஆண் விரால் ஒன்று கரைப் பொந்தில் இருந்த நண்டிடம் வந்தது. அதன் பெண்சாதி போன வாரம்தான் அந்த வலையில் செத்தது. பின்னாலேயே சிவப்புச் சிவப்பாய் இருநூறு குஞ்சுகள். நானும் மாட்டினால் இவற்றுக்குக் காவல் கிடையாது, அந்த வலையை வெட்டிவிடு என்று கேட்டது. நண்டு உடனே கிளம்பியது.

"ஏய் கோணல் நடை! அதில் கொடுக்கை வைத்தால் உன்னை ஓட்டோடு விழுங்குவேன்" என்றது நீர்க்காகம்.

நண்டு பொந்துக்குத் திரும்பியது. பயம்தான், வேறென்ன.

மறுநாள் ஒரு கெண்டையைக் கொத்த முங்கிய நீர்க்காகத்தின் கால் வலையில் மாட்டியது. உதறியது. இறக்கையும் மாட்டியது. மூச்சு முட்டியது.

"நண்டண்ணே! வெட்டுங்கண்ணே! காலில் இருக்கிற நூலை மட்டும் வெட்டுங்க. மிச்சம் இருக்கட்டும்."

சாகப்போகும்போதும் அதற்கு வலை வேண்டும்.

சத்தம் கேட்டு வந்த நண்டு, கூடவே வந்த விராலைப் பார்த்தது. "நேற்று என்னை விழுங்குவேன் என்ற ஆள். இப்படியே விட்டுவிடட்டுமா?"

"என் வீட்டுக்காரியைத் தின்றதும் இதுதான்" என்றது விரால். "ஆனாலும் வெட்டு. இது செத்து அழுகினால், தின்ன வருகிற பத்துப் பேர் மாட்டுவார்கள். இதை மட்டும் இல்லை, முழு வலையையும் வெட்டு."

நண்டு நீர்க்காகத்திடம் கேட்டது. "முழுசாகவா?"

"முழுசாக! சீக்கிரம்!"

நண்டு வெட்டியது. நீர்க்காகம் மேலே வந்து இருமியது. நன்றி சொல்லவில்லை. வெட்கம். ஆனால் மூன்று நாள், நண்டு வெட்ட வெட்ட, நூலை அலகில் கவ்விக் கொண்டுபோய்க் கரைமேட்டில் போட்டது. நாலாம் நாள் விரால் குஞ்சுகளோடு அந்த மரத்தடியிலேயே நீந்தியது. நீர்க்காகம் கண்டுகொள்ளாத மாதிரி வேறு பக்கம் கெண்டை தேடிப் போனது.

அடுத்தவரைக் கொல்கிற ஒன்றை நமக்கு லாபம் என்று விட்டுவைத்தால், அது நம் காலையும் பிடிக்கும்.