சூ பிங்கின் வாசலில் ஒரு தட்டு

"பகைவனுக்கும் நல்லது செய் என்று நீங்கள் சொன்னதைத்தான் செய்தேன், குருவே. ஒன்றும் நடக்கவில்லை," என்றான் ஹுவாய்.

குரு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். "என்ன செய்தாய்?"

"மூன்று நாளாக சூ பிங்கின் வாசலில் கூடை கூடையாக மல்பெரி இலை வைத்தேன். அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டான்."

சூ பிங் பக்கத்து ஊர்க்காரன். இரண்டு ஊரும் பட்டுப்புழு வளர்த்துப் பிழைப்பவை. போன வருடம் எல்லைத் தகராறில் ஹுவாயின் மல்பெரி மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்தவன் அவன்தான். இந்த வருடம் பனி விழுந்து அவனுடைய தோப்பு கருகிப்போனது. அவன் வீட்டுப் புழுக்கள் பட்டினி கிடந்தன.

"இலையில் விஷம் தடவியிருப்பேன் என்கிறான். புழு செத்தால் அந்தப் பழியையும் என் தலையில் போட்டு, மீதி மரங்களையும் வெட்டுவான். நான் சும்மா இருப்பேனா? எங்கள் பிள்ளைகள் காலத்திலும் இது ஓயாது."

குரு தினை அடையைப் பிட்டார். ஒரு பாதியைத் தான் கடித்துக்கொண்டு மறுபாதியை நீட்டினார். ஹுவாய் கோபம் குறையாமலே வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"அதில் விஷம் இருந்தால்?"

"நீங்களும்தானே தின்கிறீர்கள்?"

சொல்லிவிட்டு மெல்லுவதை நிறுத்தினான்.

குரு அடுத்த அடையை எடுத்துக்கொண்டார்.

ஹுவாய் வீட்டுக்கு ஓடினான். இருந்ததிலேயே நல்ல புழுத்தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். ஒரு கூடை இலையையும் எடுத்துக்கொண்டான்.

"பைத்தியம் பிடித்துவிட்டதா உங்களுக்கு?" என்று மனைவி வழிமறித்தாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. புழு வளரும் மாதத்தில் அந்தப் பக்கத்தில் சொந்த மாமனாருக்குக்கூடக் கதவு திறக்க மாட்டார்கள். வெளியார் கண் பட்டால் புழு இலை தின்னாது, கூடும் கட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை.

சூ பிங்கின் கதவும் சாத்தியிருந்தது.

ஹுவாய் தட்டை வாசலில் இறக்கினான். கூடையிலிருந்து ஒரு பிடி இலையை அள்ளிப் புழுக்கள் மேல் தூவினான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். பயமாகத்தான் இருந்தது.

கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

புழுக்கள் தின்றன. தூறல் போலச் சத்தம் கேட்டது.

இலை தீர்ந்தது. இன்னொரு பிடி போட்டான். அதுவும் தீர்ந்தது. கதவிடுக்கில் இருந்த கண் நகரவில்லை.

வெயில் ஏறியது. தட்டின் ஓரத்தில் புழுக்கள் சுருளத் தொடங்கின. ஹுவாய் எழுந்திருக்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. கதவு முழுதாகத் திறந்தது.

"இந்த வெயிலில் புழுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, மடையா," என்றான் சூ பிங். "தட்டை உள்ளே கொண்டு வா."