வடிதுணி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மலையில் வாய் இல்லாத பொருள் என்று எதுவும் இல்லை. மரம் பேசியது, குரங்கு பேசியது, பானையும் துணியும்கூடப் பேசின. காப்பிச் செடியும் அப்போதே இருந்தது. ஆனால் தை கழிந்து காடு காய்ந்துவிட்டால், காப்பி பூக்கிற மழை விழும்வரை மலையில் யாரும் தீ மூட்டக்கூடாது. அது மலைக்கும் தீக்கும் இருந்த ஒப்பந்தம். அதனால் கொட்டையை முன்னாலேயே வறுத்து இடித்து வைத்துக்கொள்வார்கள். மாலையில் தூளை ஊற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் பருத்தித் துணிப்பையில் ஊற்றிப் பானைக்கு மேலே தொங்கவிடுவார்கள். பையை அலசிக் காயவைத்தால் மறுநாளைக்கும் அதுவே.

நூல் கொடுத்தபோது பருத்திச் செடி ஒரு வார்த்தை வாங்கியிருந்தது. "துணி கொடுப்பதைக் குடியுங்கள். அது பிடித்து வைப்பதைக் கேட்காதீர்கள். கேட்டால் அது வாய் மூடிவிடும்."

மலைச்சரிவில் வெள்ளிங்கிரி என்பவன் மனைவி பூவாத்தாளோடு குடியிருந்தான். ஐம்பதைத் தாண்டியவன். எதையும் இரண்டு முறை யோசிப்பான். இரண்டாம் முறை பெரும்பாலும் தப்பாக யோசிப்பான். பூவாத்தாள் கல்யாணமான நாள் முதல் அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. அது அவனுக்குப் பெருமை.

தினமும் காலையில் பையைத் தொங்கவிடும்போது அவள் துணியோடு வாயை வைத்து ஏதோ முணுமுணுப்பாள். பிறகு தெளிந்த முகத்தோடு உள்ளே வருவாள். பலா மரத்துக் கடுவன் குரங்கு ஒருநாள் அதைப் பார்த்துவிட்டது.

"என்ன வெள்ளிங்கிரி, உன்ற பொண்டாட்டி துணிகூடக் குடும்பம் நடத்தறா போல?"

"ஊறினது போதுமான்னு கேக்கறா. உனக்கென்ன?"

"அதைக் கேக்க அத்தனை நேரமா? என்ற பொண்டாட்டியா இருந்தா மரத்தை வுட்டு எறங்கி வந்து கேட்டுருப்பேன்."

"உன்ற பொண்டாட்டி உங்கூடப் பேசறதே பேன் பாக்கறப்பத்தான். போடா."

குரங்கு சிரித்துக்கொண்டே போய்விட்டது. சொன்ன சொல் போகவில்லை. ஒருவேளை அவள் தம்பி வீட்டுக்கே போய்விட நினைக்கிறாளோ? இத்தனை வருஷம் ஒரு சண்டைகூட இல்லையே, அது எப்படி? பெருமையாக இருந்தது பயமாக மாறியது. மூன்று நாள் பொறுத்தான். நான்காம் நாள் காலையில் அவள் பையைத் தொங்கவிட்டு ஊற்றுக்குப் போனதும் துணியின் முன்னால் போய் நின்றான்.

"அவ என்ன சொல்றா?"

"சொட்டறதைக் குடிங்க," என்றது துணி. "தெளிஞ்சது தானா வரும்."

"என்னை வுட்டுட்டுப் போறாளா? அதை மட்டும் சொல்லு."

"போறவளா இருந்தா எங்கிட்ட எதுக்குச் சொல்லோணும்? கொஞ்சம் பொறுங்க."

கேட்ட கேள்விக்குப் பதில் அதிலேயே இருந்தது. அது அவன் காதில் விழவில்லையா, விழுந்தும் போதவில்லையா என்று அவனுக்கே தெரியாது. இரண்டு கையாலும் பையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தான்.

கலங்கலான சாறு பானையில் கொட்டியது. கூடவே பூவாத்தாளின் குரலும் கொட்டியது.

"அவரு காப்பியை உறிஞ்சற சத்தம் ஊத்து வரைக்கும் கேக்குது."

"சிறுத்தையைப் பாத்த கதையை நேத்தும் சொன்னாரு. அந்தச் சிறுத்தை வருசா வருசம் வளருது."

"எங்கப்பன் சாகக் கெடந்தப்ப, காப்பிக்கொட்டை காயுதுன்னு என்னை அனுப்பலை. கொட்டையைத் துழாவிட்டே நின்னேன். போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. இதை நீயே வெச்சுக்க. நான் உள்ள போய் அவரு மூஞ்சியைப் பாக்கோணும்."

கடைசியாகச் சொன்னது பலமுறை வந்தது. ஒவ்வொரு வருஷமும் கொட்டை காய்ந்து முடிந்த கையோடு சொல்லியிருப்பாள் போல.

பூவாத்தாள் தண்ணீரோடு திரும்பி வந்தாள். இரண்டு கொட்டாங்குச்சியில் ஊற்றினாள். ஒரு வாய் குடித்ததும் வண்டல் அவள் பல்லில் நறநறத்தது.

"பிழிஞ்சீங்களா?"

"ம்."

"எல்லாமே வந்துருச்சுங்களா?"

"உங்கப்பன் வரைக்கும்."

அவள் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தாள்.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான்.

"சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

அவள் துணியைக் கையில் எடுத்து ஏதோ கேட்டாள். துணி பேசவில்லை. ஊற்றுக்குக் கொண்டுபோய் அலசினாள். வண்டல் போயிற்று. பழுப்பு போகவில்லை.

அவள் தம்பி வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆனால் மறுநாள், தெளிந்த காப்பியை அவன் வாயில் வைத்த உடனே, முதல்முறையாக முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "உறிஞ்சாமக் குடிங்க."

வெள்ளிங்கிரி சத்தமில்லாமல் குடித்தான். கொட்டை காய்கிற மாதம் இன்னும் வரவில்லை. அது வரும்போது அந்தப் பேச்சும் நேராகவே வரும் என்று அவனுக்குத் தெரியும்.

அன்று முதல்தான் காப்பி வடிதுணி பேசுவதில்லை, எத்தனை முறை அலசினாலும் வெளுப்பதுமில்லை. தீயில்லாமல் ஊறப்போட்டுக் குளிர்காப்பி போடுகிறவர்களும் எவ்வளவு அவசரமானாலும் அதைப் பிழிவதில்லை. தானாகச் சொட்டி முடியட்டும் என்று தொங்கவிட்டு, அதுவரைக்கும் உள்ளே போய் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.